பழைய கைப்பேசிக்குப் புதிய உத்தியோகம்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

இக்காலனியில் எவர் இல்லத்து மேசை இழுப்பறையைத் திறந்தாலும், கைவிடப்பட்ட ஸ்மார்ட்போன்கள் இரண்டோ மூன்றோ உறங்கிக் கிடக்கக் காணலாம். ஒன்றின் கண்ணாடி விரிசலுற்றிருக்கும். மற்றொன்றை வயதாகிவிட்டதென்று வங்கிச் செயலி தள்ளி வைத்திருக்கும். பங்கார்வாலாவின் குரல் தெருவில் கேட்கும் நாளில் அவை செய்தித்தாள் கட்டோடு போய்ச் சேரும். உலகெங்கும் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 530 கோடி கைப்பேசிகள் பயன்பாட்டினின்று நீங்கும் என மின்கழிவை ஆராய்வோர் மதிப்பிட்டனர். அவற்றுள் எத்தனையோ போன்களுக்குக் கண்தான் போயிருக்கும், மூளை போயிராது.

அந்த மூளையை வீட்டிலேயே ஒரு சிறு சர்வராக அமர்த்திக்கொள்ளலாம் என்பதைச் சொல்லவே யாம் இங்கு நிற்கின்றோம். சர்வர் என்றதும் சாம்பார் வாளியுடன் வருபவர் நினைவுக்கு வந்தால் பிழையில்லை; பொருளும் அதுவே. கேட்டவர்க்குக் கேட்டதைக் கொண்டுவந்து வைப்பவர் சர்வர். கூடத்து மூலையில் இருந்தபடி, வீட்டில் எவர் கேட்டாலும் புகைப்படத்தையோ பாட்டையோ கணக்கேட்டையோ வை-ஃபை வழியே எடுத்து நீட்டுவது இப்போனின் வேலை.

இரயில்வே எழுத்தர்க்கு இது புதுமையன்று. 1955-இல் தொடங்கப்பெற்ற பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையின் பெட்டிகள் இருபது ஆண்டுகளுக்கு மேல் மக்களைச் சுமந்து ஓய்கின்றன. பின்னர் அவற்றுள் பலவற்றின் இருக்கைகளைக் களைந்து, சன்னல்களை அடைத்து, மோட்டார் கார்களை ஏற்றிச் செல்லும் சரக்குப் பெட்டிகளாக்குகின்றனர். பயணிகளுக்கு ஆகாத பெட்டி, காருக்கு ஆகிறது!

சிறியவை கூடிப் பெரும்பணி ஆற்றுதல் நம் புனே நகரம் உலகிற்குக் காட்டிய வழியுமாகும். 1988-இல் இங்கு நிறுவப்பட்ட சி-டாக், டாக்டர் விஜய் பட்கர் தலைமையில் 1991-இல் பரம் 8000 என்னும் பெருங்கணினியை ஆக்கியது. டிரான்ஸ்பியூட்டர் எனும் சிறு சில்லுகளைக் கொண்ட 64 கணுக்களை இணைத்தே அதைக் கட்டினர். அதன் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 100 கோடி கணக்குகள். இன்று நாம் எடைக்குப் போடும் போன் அவ்வேகத்தை எளிதில் விஞ்சும். எஸ்தோனியா நாட்டு டார்ட்டு பல்கலைக்கழகத்தார், பழைய போன்களின் பேட்டரிகளை நீக்கி, வெளியிலிருந்து மின்சாரம் தந்து, அவற்றை ஒன்றாக இணைத்துச் சிறு தரவு மையமாக்கியதை 2025-இல் அறிவித்தனர். போன் ஒன்றுக்கு ஆன செலவு ஏறத்தாழ 8 யூரோ. கடலடியில் உயிரினங்களை எண்ணவும் அதைப் பயன்படுத்திப் பார்த்தனர்.

நமக்குக் கடலடி வேண்டாம், கூடமே போதும். முதலில் போனில் உள்ளவற்றை வேறிடத்தில் நகலெடுத்த பின்னரே அதனைத் துடைத்தல் வேண்டும். பிறகு எஃப்-டிராய்டு தளத்தினின்று டெர்மக்ஸ் என்னும் செயலியை ஏற்றினால், ஆண்ட்ராய்டுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகள் இயங்கும். பேட்டரிச் சிக்கனம் என்ற பெயரால் போன் அச்செயலியை உறங்க வைக்காதபடி அமைப்பில் விலக்களிக்க வேண்டும். ரவுட்டரில் போனுக்கு மாறாத முகவரி ஒன்றும் வேண்டும். மற்றவற்றைக் கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் ஒரு மாலையில் முடித்துவிடுவர். மூன்று வாட் எடுக்கும் போன் மாதம் முழுதும் இயங்கினாலும் மின்கணக்கில் இரண்டு யூனிட்டை ஒட்டியே ஏறும்.

பேட்டரியைப் பற்றி மட்டும் சற்று விரித்துரைக்க அனுமதிக்க வேண்டும். இரவும் பகலும் சார்ஜரில் கிடந்து, நூறு விழுக்காடு நிறைந்து, சூடேறிய நிலையிலேயே இருப்பது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது, அது உப்பும். 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி போனில் இருந்தால் அதனை இயக்குக. இல்லையேல் டைமர் பிளக் ஒன்றை வாங்கி, நாளில் சில மணி நேரமே மின்சாரம் செல்லுமாறு செய்க. துணி அலமாரி, மெத்தை, பூசையறை விளக்கருகே வைத்தல் கூடவே கூடாது. முதுகு உப்பிய போனைக் குத்தாமலும் அழுத்தாமலும் மின்கழிவு சேகரிப்பவரிடம் ஒப்படைக்க. அதற்கு இரக்கம் காட்டிப் பயனில்லை.

பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுபோன போனை வீட்டு வை-ஃபைக்கு வெளியே திறந்து வைத்தலும் தகாது. அதில் வங்கி வேலையும் வேண்டாம்.

இத்தனை பாடும் எதற்காக? நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் கற்கின்றனர். தஞ்சைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் அவர்களுக்குத் தாத்தா பாட்டியின் குரல் வழியேதான் வந்து சேர்கின்றன. அக்குரல் இன்று எங்குள்ளது? வாட்ஸப்பில் அனுப்பிய ஒரு நிமிடப் பேச்சுகளாக, அந்த இழுப்பறைப் போனுக்குள் இருக்கிறது. "மழை பெய்யறதா அங்கே? குழந்தை சாப்பிட்டானா?" என்று கேட்டவர் பலர் இன்று நம்மிடையே இல்லை. பங்கார்வாலா நூறு ரூபாய்க்குக் கொண்டுபோவது அதனையும் சேர்த்துத்தான். சங்கத்தின் பழைய மலர்களும் நாடக ஒலிநாடாக்களும் இவ்வாறே அலமாரியில் மங்கிவருகின்றன.

ஒரு பிரதியோடு நின்றுவிடலாகாது என்பதையும் இந்நகரத்தாரிடமே சொல்லலாம். 1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து முட்டா ஆற்றங்கரைப் பேட்டைகள் மூழ்கியபோது, வீடுகளிலிருந்த படங்களும் பத்திரங்களும் நீரோடு போயின. போனின் நினைவகமும் முன்னறிவிப்பின்றி ஒருநாள் ஓயும். ஆகவே ஒரு பிரதி இங்கே போனிலும், மற்றொன்று ஹார்டு டிஸ்கில் ஊரிலுள்ள உறவினர் இல்லத்திலும் இருத்தல் நலம்.

அடுத்து வரும் ஞாயிறுகளில் காலை பத்து மணி முதல் சங்க நூலகத்தில் யாமும் இளைஞர் சிலரும் அமர்ந்திருப்போம். போனையும் அதன் சார்ஜரையும் எடுத்து வருக. திறவு எண்ணை வீட்டிலேயே நினைவுபடுத்திக்கொண்டு வருக; எண் மறந்த போனை எம்மால் திறக்க இயலாது.