டப்ளினும் கெங்கேரியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் ஒருவன் மதுவைப் பற்றிப் பேச எழுந்தால், அது மதுவிலக்குப் பிரசங்கமாகவே இருக்கும் என்று தாங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. செயலாளர் அவர்கள் எனக்கு இட்ட பணியோ வேறு. அலுவல் நிமித்தம் அயர்லாந்து சென்று மீண்ட நம் காலனி இளைஞர் ஒருவர், டப்ளின் நகரில் தாம் கழித்த ஒரு விடுமுறை நாளைப் பற்றிச் சங்கத்தில் படங்களுடன் எடுத்துரைத்தார். காலையில் பழஞ்சுவடி, நண்பகலில் பீர் ஆலை, பிற்பகலில் விஸ்கி, இரவில் பப்பு. பெரியவர்கள் சிலர் முகம் சுளித்து எழுந்து சென்றனர். இளைஞர்களோ, "இவையெல்லாம் பெங்களூரிலும் உண்டே, நாமும் ஒரு நாள் சுற்றி வருவோம்" என்றனர். குடியாதவன், வழி தெரிந்தவன், ரயில்வே குமாஸ்தா என்னும் மூன்று தகுதிகள் பற்றி, உடன் சென்று உள்ளதை உள்ளபடி உரைக்குமாறு என்னைப் பணித்தார்கள்.

முதலில் அயர்லாந்துச் செய்தி. டிரினிட்டி கல்லூரியில் உள்ள 'கெல்ஸ் நூல்' ஏறத்தாழ கி.பி. 800-ஆம் ஆண்டைச் சேர்ந்தது; கன்றுத் தோலில் வண்ணம் தீட்டி எழுதப் பெற்ற நற்செய்திச் சுவடி. நம் இளைஞர் அதற்கு ஒதுக்கியது அரை மணி நேரம். பீர் ஆலைக்கு மூன்று மணி நேரம்! அவரைக் குறை கூறேன். ஆர்தர் கின்னஸ் என்பவர் 1759-இல் ஆண்டுக்கு 45 பவுன் வாடகைக்கு அந்த ஆலையைக் குத்தகை எடுத்தார். குத்தகைக் காலம் 9,000 ஆண்டுகள். ஓய்வு பெற்ற சில மாதங்களில் ரயில்வே குடியிருப்பைக் காலி செய்ய வேண்டிய நமக்கு இதைக் கேட்கப் பெருமூச்சு வருகிறது.

விஸ்கி என்னும் சொல்லே அயர்லாந்தாரின் தாய்மொழியில் 'உயிர்நீர்' என்று பொருள்படும் தொடரிலிருந்து பிறந்ததாம். போ தெருவில் 1780-இல் தோன்றிய ஜேம்சன் வடிசாலை 1971-இல் வடிப்பதை நிறுத்திவிட்டது. இன்று அது பார்வையாளருக்கான இடம். அங்கே அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு விஸ்கிகளையும் அருகருகே வைத்துச் சுவைக்கத் தருகிறார்கள். தம் சரக்குச் செம்பு வாலையில் மும்முறை வடிக்கப்படுவதால் மென்மையானது என்பது அவர்கள் பெருமை.

எனக்குப் பிடித்த கதை இனிமேல்தான். ஏனியாஸ் காஃபி என்னும் அயர்லாந்துக் கலால் அதிகாரி, இடைவிடாது வடிக்கும் வாலை ஒன்றை அமைத்து 1830-இல் காப்புரிமை பெற்றார். குறைந்த செலவில் மிகுதியாக வடிக்கும் கருவி அது. டப்ளின் முதலாளிகள், "இதில் வடிப்பது விஸ்கியே அன்று" என்று தள்ளிவிட்டனர். ஸ்காட்லாந்தார் வாரி அணைத்துக்கொண்டனர். 1838-இல் கார்க் நகரில் தியோபால்ட் மாத்யூ என்னும் பாதிரியார் மதுவிலக்கு உறுதிமொழி இயக்கத்தைத் தொடங்க, இலட்சக்கணக்கானோர் குடியை விட்டனர். பின்னர் விடுதலைப் போர். 1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. உலகையே ஆண்ட அயர்லாந்து விஸ்கி, 1970-களில் இரண்டே வடிசாலைகளாக ஒடுங்கிற்று. இன்று மீண்டும் நாற்பதுக்கு மேல் பெருகியுள்ளது. அந்தப் பாதிரியாருக்குக் கார்க் நகரின் பெருந்தெருவில் 1864-இல் நிறுவிய சிலை இன்றும் நிற்கிறது. பப்பு தேடிச் செல்வோர் அவரைக் கடந்தே செல்கின்றனர்.

இனி நம் பயணம். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மஞ்சள் தட மெட்ரோ 2025 ஆகஸ்டு முதல் ஓடுகிறது. ஆர்.வி. சாலையில் ஒரு மாற்றம், மெஜஸ்டிக்கில் ஒரு மாற்றம், கெங்கேரியில் இறக்கம். மைசூர்ச் சாலையில் அதற்கு அப்பால் கம்பிபுராவில் இருக்கிறது அம்ருத் வடிசாலை. உயிர்நீருக்கு ஈடாக அமிர்தம்! 1948-இல் ராதாகிருஷ்ண ஜக்தலே தொடங்கிய நிறுவனம் இது. இவர்களது மால்ட் விஸ்கி 2004-இல் முதன்முதல் விற்பனைக்கு வந்தது பெங்களூரில் அன்று; ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில்! திருநெல்வேலிக்கே அல்வா விற்கப் போன துணிவு என்று நான் சொன்னபோது உடன் வந்தோர் சிரித்தனர்.

வாற்கோதுமை வட இந்தியாவிலிருந்து வருகிறது. நாங்கள் வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆயினும் உள்ளே நடப்பதில் ஒன்றை அறிந்து வியந்தேன். மரப்பீப்பாயில் விஸ்கி முதிரும்போது ஒரு பகுதி ஆவியாகிக் காற்றில் கலந்துவிடும். அதைத் 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். அயர்லாந்தின் குளிரில் இது ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டளவே. பெங்களூரிலோ பத்து முதல் பன்னிரண்டு. அங்கே நூறு லிட்டர் வைத்தால் பன்னிரண்டு ஆண்டுக்குப் பின்னும் எழுபத்தெட்டு லிட்டர் கிடைக்கும்; இங்கே நான்கே ஆண்டில் அறுபத்திரண்டாகிவிடும். விரைவில் முதிர்கிறது, விரைவில் குறைகிறது. சரக்கு அலுவலகத்தில் குறைவுக் கணக்கு எழுதிய கைக்கு, இப்படியொரு குறைவை நிறுவனமே மனமுவந்து எழுதிக்கொள்வது புதுமையாய் இருந்தது.

திரும்பி எம்.ஜி. சாலை. அருகே விட்டல் மல்லையா சாலையில் யு.பி. சிட்டி மாளிகைகள் நிற்கும் மனை, முன்னாள் பீர் ஆலையின் மனை. பழைய ஆலைகள் சிலவற்றை ஒன்று சேர்த்து 1915-இல் தாமஸ் லெய்ஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் அமைத்ததே யுனைடெட் புரூவரீஸ். கன்டோன்மென்ட் சிப்பாய்களின் தாகத்தால் வளர்ந்த தொழில் என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

மாலையில் அயர்லாந்துப் பாணிக் கடை ஒன்றில் அமர்ந்தோம். பச்சைச் சுவர், மூவிலைச் சின்னம், கின்னஸ் படம், எல்லாம் இருந்தன. நான் எலுமிச்சைச் சோடா பருகினேன். இசையின் முழக்கத்தில் எதிரே இருந்தவர் குரல் கேட்கவில்லை. ஒருவர் ஒரு சுற்று வாங்க, மற்றவர் மானம் கருதி அடுத்த சுற்று வாங்க, சம்பளத்தில் ஒரு துண்டு மேசையிலேயே கரைந்தது. இந்தச் சுற்று வாங்கும் வழக்கம் அயர்லாந்திலும் உண்டு. ஆனால் டப்ளின் சென்ற இளைஞர் வியந்து சொன்னது மதுவை அன்று. மூலையில் இருவர் பிடிலும் குழலும் வாசிக்க, கிழவரும் இளைஞரும் ஒரே மேசையில் உரையாட, தாய் தந்தையருடன் சிறுவர்களும் இரவு ஒன்பது மணிவரை அமர்ந்திருக்கலாம் என்பதையே. ஒரு கோப்பையை ஒரு மணி நேரம் வைத்திருந்து பேசிக்கொண்டிருப்போரும் அங்கே இருந்தனராம். பப்பு என்பது பொது வீடு என்னும் பெயரின் சுருக்கமே.

நம் காலனியில் நிலை என்ன? ஆலை வேலை முடித்து வருவோர் கடை வாயிலில் நின்றபடியே பத்து நிமிடத்தில் குடித்து முடிக்கின்றனர். பேச்சில்லை, வீட்டில் வந்து பேசுகிறார்கள், அதைத் தாய்மார்கள் அறிவார்கள். மலிவு தேடிக் கள்ளச்சாராயத்துக்குப் போனோர் கதி 2008 மே மாதத்தில் பெங்களூரு, கோலார், கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பிணங்களாகக் கிடந்தது. சேலத்தில் 1937-இல் ராஜாஜி கொணர்ந்த மதுவிலக்கை நம்மில் சிலரின் பாட்டிமார் கண்டிருக்கிறார்கள். அதை இங்கே கொணரும் ஆற்றல் சங்கத்துக்கு இல்லை. அமர்ந்து பேச ஓர் இடம் தரும் ஆற்றல் உண்டு.

நமது வாசகசாலையோ இரவு 8 மணிக்குப் பூட்டப்படுகிறது. இரண்டாம் ஷிப்டு முடிந்து இறங்குவோர் அந்தப் பூட்டைத்தான் காண்கிறார்கள். அடுத்த கட்டடத்தின் விளக்கு நள்ளிரவு வரை எரிகிறது. பதினொன்றரை மணிவரை அதைத் திறந்து வைத்து, கேரம் பலகை இரண்டும், தேநீருக்கு ஓர் அடுப்பும், பாட விரும்புவோர்க்கு அந்தப் பழைய ஆர்மோனியமும் தரவேண்டும் என்பது என் தீர்மானம். பெண்கள் தனியே அமர அறை வேண்டும் என்று மகளிர் அணியினர் கேட்டதையும் சேர்த்திருக்கிறேன். மின்கட்டணம் யார் தருவது என்று பொருளாளர் கேட்டார். டப்ளின் சென்று வந்தவர் முதல் மூன்று மாதக் கட்டணத்தை ஏற்பதாக எழுதிக் கொடுத்துவிட்டார். சாவியை இரவு யார் பொறுப்பில் வைப்பது என்பது ஒன்றே மீதி. முதல் மாதத்துக்கு நான் வைத்துக்கொள்கிறேன். அடுத்த மாதத்துக்கு இந்த அவையிலிருந்து ஒருவர் பெயர் கொடுங்கள்.