புகையில்லா மருந்தும் பொருந்தும் குழலும்

அம்மன் கோயில் கொடையில் அதிர்வேட்டுப் போடுவதைத் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எவரும் கண்டிருப்பர். இரும்புக் குழாயில் கறுப்பு மருந்தை இறுகக் கெட்டித்துத் திரியில் நெருப்பு வைத்தவுடன் நிலம் அதிரும்; அடுத்த கணம் வெண்புகை எழுந்து, கந்தக நெடியோடு தெருவை மூடிக்கொள்ளும். சிறுவர்களாகிய நாங்கள் அந்தப் புகைக்குள் ஓடி ஒளிந்து விளையாடுவோம். ஓசைதான் வெடியின் பயன், புகை அதற்கு அழகு என்று அப்போது எண்ணியிருந்தேன். புகை என்பது வீணாய்ப்போன மருந்து என்பது பின்னரே எனக்கு விளங்கிற்று. அதை விளங்கவைத்தது பள்ளிக்கூடம் அன்று. என் தாய்மாமனின் இடக்கை.

மாமாவுக்குப் பாபநாசம் மலையடிவாரத்தில் கொஞ்சம் நஞ்சையும் ஒரு வாழைத்தோட்டமும் இருந்தன. தாமிரபரணிக் கால்வாய் பாய்ந்து பயிர் செழித்த இடம். ஆதலால் காட்டுப்பன்றிகளுக்கும் அது பிடித்துப்போயிற்று. பன்றி விரட்டுவதற்கென்று உரிமம் பெற்ற நாட்டுத் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டிக் கம்பியால் இடித்துக் கெட்டிக்கும் பழைய துப்பாக்கி. அதற்குரியது கறுப்பு மருந்து. அளப்பதற்கு ஒரு மூங்கிற் குழாய் வைத்திருந்தார். ஒருநாள் மருந்து தீர்ந்துபோயிற்று. யாரோ கொடுத்த தோட்டாக்கள் வீட்டில் கிடந்தன. அவற்றை உடைத்து, உள்ளிருந்த சாம்பல் நிறச் செதில்களை எடுத்தார். "புகையே வராத மருந்தாம், மருமகனே, நம்ம மருந்தைவிட உசத்தி" என்று என்னிடம் காட்டினார். அதே மூங்கிற் குழாயால் அதே அளவு அளந்து போட்டார். அன்றிரவு துப்பாக்கியின் குழல் பிளந்தது. இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. கண் தப்பியது தெய்வச் செயல் என்று அத்தை இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மருந்து கெட்டுப்போனதன்று, துப்பாக்கியும் பழுதுபட்டதன்று. நல்ல மருந்து, நல்ல துப்பாக்கி, ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. அந்தப் பொருத்தம் எத்தகையது என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

கறுப்பு மருந்து வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றின் கலவை. வெடியுப்பைப் பொட்டிலுப்பு என்றும் நம் முன்னோர் வழங்கினர். உவர்மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி அதை எடுப்பது தமிழ்நாட்டில் உப்பிலியர் என்னும் வகுப்பாரின் தொழிலாக இருந்தது. இம்மருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி வாயுவாக மாறுவதில்லை. திடப்பொருளாகவே நின்று, ஒரு பங்கு புகையாகப் பறக்கிறது. ஒரு பங்கு குழலுக்குள் கறையாகப் படிகிறது. குண்டைத் தள்ளுவது எஞ்சிய வாயு மட்டுமே.

பாஞ்சாலங்குறிச்சிப் போரை இந்தக் கண்கொண்டு ஒருமுறை பாருங்கள். 1799-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் மேஜர் பானர்மன் அந்த மண்கோட்டையைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். கட்டபொம்மன் அக்டோபரில் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை முதலியோர் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிச் சென்று, இடித்துத் தள்ளப்பட்டிருந்த கோட்டையைச் சில நாட்களில் மீண்டும் எழுப்பினர். மார்ச் 31-ஆம் நாள் தாக்கிய கும்பினிப் படை மறுபடியும் தோற்றது. மே 24-ஆம் நாள்தான் கோட்டை விழுந்தது. இரு தரத்தாரிடமும் இருந்தது ஒரே கறுப்பு மருந்துதான். ஒருமுறை சுட்டபின் எதிரே புகைத்திரை. மறுமுறை கெட்டிப்பதற்குள் வேல்வீரன் வந்துவிடுவான். பாளையக்காரர் படையின் மிக நீண்ட ஈட்டிகளைப் பற்றி, அப்போரில் கலந்துகொண்ட வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி தம் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். துப்பாக்கி உள்ள காலத்திலும் ஈட்டி தன் மதிப்பை இழக்காதிருந்ததற்கு இந்தப் புகையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். போர் முடிந்த அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் இச்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கலாகாது என்று சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரகடனம் செய்தார்.

புகையில்லா மருந்தின் கதை பருத்தியில் தொடங்குகிறது. நம் கரிசற்காட்டில் விளைகிறதே, அதே பருத்திதான். 1846-இல் ஷோன்பைன் என்னும் ரசாயன அறிஞர், பஞ்சைத் திராவகங்களில் தோய்த்தால் அது கொடிய வெடிபொருளாகிறது என்று கண்டார். பார்ப்பதற்கு வெறும் பஞ்சு; எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயு. உடனே பல நாடுகள் அதன்மேல் பாய்ந்தன. ஆனால் பஞ்சின் ஒவ்வொரு இழையையும் நெருப்பு ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டது, துப்பாக்கிகள் நொறுங்கின. 1847-இல் இங்கிலாந்தின் பாவர்ஷாம் தொழிற்சாலையே வெடித்துப் பலர் மாண்டனர். வலிமை வேண்டிய மட்டும் கிடைத்துவிட்டது. அடக்கத்தான் வழி தெரியவில்லை. அந்த வழி கிடைக்க ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆயின.

1884-இல் பிரெஞ்சு நாட்டு வியெய் என்பவர், வெடிப்பஞ்சைக் கூழாக்கிப் பிசைந்து, தகடாக உருட்டி உலர்த்தி, செதில்களாக வெட்டினார். இழை மறைந்து, கொம்பு போன்ற கெட்டிப் பொருள் வந்தது. கெட்டிப் பொருளின் உள்ளே நெருப்பு ஒரேயடியாகப் புக முடியாது. மேற்பரப்பிலிருந்து படிப்படியாகத்தான் எரிந்து செல்லும். பனையோலையை அடுப்பில் வைத்தால் குப்பென்று எரிந்து அடங்குகிறது. பனங்கட்டை நின்று எரிகிறது. மரம் ஒன்றே, வடிவம் வேறு. மருந்தை எந்த வடிவில் வெட்டுகிறோமோ அதுவே அதன் வேகத்தை நிர்ணயிக்கும் என்றாயிற்று. மெல்லிய செதில் விரைந்து எரியும். தடித்த துண்டு மெதுவாக எரியும். உளுந்துவடையைப் போல நடுவில் துளையிட்டால், வெளிப்பரப்பு எரிந்து சுருங்கச் சுருங்க உள்பரப்பு எரிந்து விரிந்துகொண்டே வரும்; எரியும் பரப்பு குறையாமல் நிற்கும். என்ன எளிய கணக்கு! ஆயினும் இதைக் காண்பதற்குள் எத்தனை உயிர்கள்!

1889-இல் ஆங்கிலேயர் ஏபெலும் டிவாரும் வெடிப்பஞ்சோடு நைட்ரோகிளிசரினைச் சேர்த்துப் பிசைந்து, இடியாப்பம் பிழிவது போல இழை இழையாகப் பிழிந்தெடுத்தனர். கயிறு போலிருந்ததால் அதற்குக் கார்டைட் என்று பெயர். அவர்களுடைய .303 துப்பாக்கி 1888-இல் கறுப்பு மருந்தோடுதான் வெளிவந்தது. சில ஆண்டுகளில் கார்டைட்டுக்கு மாறியது. மாறியதும் ஒரு தொல்லை தோன்றிற்று. புது மருந்தின் கடும் வெப்பம் குழலின் உள்வரிகளைத் தின்றுவிட்டது. ஆழமான வேறு வரிகளை வெட்ட நேர்ந்தது. பிறகு மருந்திலும் நைட்ரோகிளிசரினின் பங்கை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தனர். மருந்துக்காகக் குழல் மாறிற்று. குழலுக்காக மருந்து மாறிற்று.

இந்தக் கார்டைட் நம் தமிழ்நாட்டிலேயே உருவாயிற்று. நீலகிரியில் குன்னூருக்கும் கேத்திக்கும் இடையே அரவங்காட்டில் 1903-இல் தொழிற்சாலை நிறுவப்பட்டது. உதகைக்குப் போகும் மலை ரயிலில் செல்வோர் அந்த நிலையத்தின் பெயர்ப் பலகையைக் கண்டிருக்கலாம். இத்தகைய மருந்து நாட்பட்டால் தானாகவே சிதையும் இயல்புடையது. வெப்பம் மிகுந்தால் சிதைவும் விரையும். ஆகையால் மலைக்குளிர் அதற்கு நல்ல துணை. 2021 முதல் அத்தொழிற்சாலை முனிஷன்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் அரசு நிறுவனத்தைச் சேர்ந்திருக்கிறது.

இனிக் கைத்துப்பாக்கிக்கு வருவோம். 1911 ஜூன் 17-ஆம் நாள் காலை மணியாச்சி ரயில் நிலையத்தில், திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டு வீழ்த்திவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட செய்தியை நீங்கள் சரித்திரத்தில் படித்திருப்பீர்கள். அதன் அரசியலை ஆராய்வது இன்றைய வேலை அன்று. அவர் கையில் இருந்த கருவியை மட்டும் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். அது பெல்ஜிய நாட்டில் செய்த பிரவுனிங் கைத்துப்பாக்கி. ஒரு தோட்டா வெடித்ததும் அதன் எதிருந்தலே பழைய உறையை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை இடத்தில் ஏற்றிவிடும். கறுப்பு மருந்தின் கறை சில தோட்டாக்களிலேயே இத்தகைய நுண்ணிய உறுப்புகளை இறுக்கிப் பிடித்துவிடும். பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து மணியாச்சி அதிக தூரமில்லை. இரண்டும் அந்நாளில் ஒரே ஜில்லா. ஆனால் அவற்றுக்கு நடுவே 110 ஆண்டுகளும் ஒரு ரசாயனப் புரட்சியும் இருக்கின்றன.

கைத்துப்பாக்கியின் குழல் நான்கைந்து அங்குலம். போர்வீரனின் நீண்ட துப்பாக்கிக்கு இருபத்தைந்து அங்குலம். சிறு குழலிலிருந்து குண்டு வெளியேற ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடிகூட ஆகாது. அதற்குள் மருந்து எரிந்து முடிய வேண்டும். நீண்ட துப்பாக்கியின் மெதுவான மருந்தை அதில் இட்டால், பாதி மருந்து குழல்வாய்க்கு வெளியே தீப்பிழம்பாக வீணாகும். குண்டும் சோர்ந்து போகும். மாறாக, கைத்துப்பாக்கியின் விரைவு மருந்தைப் பெரிய தோட்டாவில் நிறைத்தால், கனத்த குண்டு நகரத் தொடங்குமுன்பே அழுத்தம் எல்லை கடந்துவிடும். புகையில்லா மருந்துக்கு இன்னொரு குணம் உண்டு. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் விரைந்து எரியும். விரைந்து எரிய எரிய அழுத்தம் மேலும் ஏறும். கறுப்பு மருந்தில் இந்தக் குணம் குறைவு. அதனால்தான் அது பழைய இரும்புக் குழலைப் பொறுத்துக்கொண்டது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரர் பலர், சுட்ட பித்தளை உறைகளில் தாமே மருந்து நிறைத்துக்கொள்கின்றனர். கைத்துப்பாக்கிக்கென்றே 1898-இல் வந்த புல்ஸ் ஐ என்னும் விரைவு மருந்து இன்றும் அங்கே விற்பனையாகிறது. அத்தகையோர் மருந்தைத் தேர்ந்தெடுக்கும் முறை நம் மாணவர் அறியத்தக்கது. மிக வலிய மருந்து எது என்று அவர்கள் கேட்பதில்லை. இந்தக் குண்டின் எடைக்கு, இந்த உறையின் கொள்ளளவுக்கு, இந்தக் குழலின் நீளத்துக்கு எது ஏற்றது என்று மருந்து செய்தோர் சோதித்து வெளியிட்ட அட்டவணையைப் பார்க்கிறார்கள். கண் மதிப்பால் அளப்பதில்லை, நுண்தராசில் நிறுத்துச் சரிபார்க்கிறார்கள். விரைவு மருந்து சிறிதளவே வேண்டியிருப்பதால் உறையில் வெற்றிடம் மிகுதி; கவனம் தவறி இருமுறை இட்டாலும் வெளியே தெரியாது. அதற்கு அஞ்சியே சிலர், இருமுறை இட்டால் வழிந்து காட்டிக்கொடுக்கும் பருத்த மருந்தை விரும்புகின்றனர். சிக்கனம் பார்த்தால் முன்னது. உயிரைப் பார்த்தால் பின்னது. நான் பின்னவர் கட்சி.

நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். வீட்டில் செய்துபார்க்கும் பரிசோதனை அன்று இது என்பதைச் சட்டம் சொல்லாவிட்டாலும் என் மாமாவின் கை சொல்லும்.

நான் கல்லூரியில் ரசாயனம் படித்து விடுமுறைக்கு வந்தபோது, மேற்பரப்பு, அழுத்தம் என்று இவற்றையெல்லாம் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு உள்ளே போய் அந்தப் பழைய மூங்கிற் குழாயை எடுத்துவந்தார். "அளவு சரியாத்தானே போட்டேன்?" என்றார். அளவு சரிதான், பொருள்தான் வேறு என்றேன். குழாயை வெகுநேரம் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி உரிமத்தை அவர் மறுபடியும் புதுப்பிக்கவில்லை. அதன்பின் வாழைத்தோட்டத்தில் பழைய எண்ணெய்த் தகரம் ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, வலக்கையால் தட்டித்தான் பன்றி விரட்டினார்.