ஏட்டில் ஏறாத வீரம்

பழந்தமிழர் போரிலே பட்ட வீரனுக்குக் கல் நாட்டினர். தகுந்த கல்லைக் காண்பது முதல் நாட்டிய கல்லை வாழ்த்துவது ஈறாக அதற்குரிய துறைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. வீரனது பெயரும் அவன் செய்த செயலும் அக்கல்லிலே பொறிக்கப்பட்டன. அவனோடு வாழ்ந்தவர்களும் அவன் செயலை அறிந்தவர்களும் கூடி நின்று நாட்டிய கல் ஆதலின், அதற்கு வேறு சான்று எவரும் கேட்டிலர்.

இக்காலப் படைகளின் நிலை வேறு. இரண்டாம் உலகப் போரில் ஐக்கிய அமெரிக்காவின் படைகளிலே மட்டும் ஏறக்குறைய 1 கோடி 60 இலட்சம் பேர் பணியாற்றினர். இத்துணைப் பெருங் கூட்டத்தில் யார் எங்கே நின்றார், யார் காயமுற்றார், யார் என்ன செய்தார் என்பதை ஒருவர் மனத்தில் வைத்திருத்தல் இயலாது. ஆகவே கல்லின் இடத்தைக் கடதாசி பிடித்துக்கொண்டது. படையிற் சேர்ந்த நாள், படை எண், பணிபுரிந்த பிரிவு, வைத்தியசாலையிற் கிடந்த நாட்கள், பெற்ற பதக்கங்கள், விலகிய நாள் ஆகிய அனைத்தும் ஒருவரது சேவைக் கோவையிலே பதியப்படுகின்றன. பிற்காலத்தில் ஓய்வூதியம் கேட்டாலும், பதக்கம் கேட்டாலும், அரசாங்கம் அம்மனிதரின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவருடைய கோவையைத்தான் பார்க்கின்றது.

கோவை பிழையாக இருந்தால் என் செய்வது? கோவையே இல்லாது போனால் என் செய்வது? அமெரிக்காவில் முதிய போர்வீரர் பலரும், அவர்தம் மனைவி மக்களும் பல ஆண்டுகளாக எதிர்கொண்ட வினாக்கள் இவை.

பிழை நேரும் வழிகள் பல. ஒவ்வொரு படைக் கூட்டமும் நாள்தோறும் 'காலை அறிக்கை' என ஒன்றை அனுப்புவது வழக்கமாக இருந்தது. யார் இறந்தார், யார் காயமுற்றார், யார் வைத்தியசாலைக்குச் சென்றார், யார் புதிதாக வந்தார் என்பன அதிலே காணப்படும். குண்டுமாரிக்கிடையே திரட்டிய செய்திகளைக் கொண்டு இலிகிதர் அதனை எழுதுவர். படை எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் ஒருவரது காயம் மற்றொருவரது கோவையைச் சென்றடையும். பதக்கத்துக்குப் பரிந்துரை எழுத வேண்டிய அதிகாரி மறுநாளே மாண்டுபோனால், அப்பரிந்துரை எழுதப்படாமலே போகும். போர் முடிந்து, இலட்சக்கணக்கானோர் ஒரே சமயத்தில் வீடு திரும்பியபோது, விடுகைப் பத்திரங்கள் அவசரம் அவசரமாகத் தட்டச்சிடப்பட்டன. பின்னர் வந்து சேர்ந்த பதக்க ஆணைகள் அவற்றில் இடம்பெறவில்லை.

போரிலே காயமுற்றோருக்கு அமெரிக்கா வழங்கும் 'ஊதா இதயம்' என்னும் பதக்கத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு மூன்று சான்றுகள் வேண்டும். காயம் பகைவரின் செயலால் நேர்ந்ததாக இருத்தல் வேண்டும். அதற்கு மருத்துவச் சிகிச்சை அளிக்கப்பட்டிருத்தல் வேண்டும். அச்சிகிச்சை அரசாங்க ஏட்டிலே பதியப்பட்டிருத்தல் வேண்டும். இவை நியாயமான விதிகளே. ஆயினும் தோளிலே குண்டுச் சிதறல் பாய்ந்த ஒருவன், தோழர்களை விட்டுப் பின்வாங்க மனமின்றி, பதுங்குகுழியிலேயே கட்டுப் போட்டுக்கொண்டு போரைத் தொடர்ந்தான் என்று வைத்துக்கொள்வோம். வைத்தியசாலைக்குச் சென்றவனுக்குக் கடதாசி இருக்கின்றது; செல்லாது நின்றவனுக்குக் கடதாசி இல்லை. ஐம்பது ஆண்டு கழிந்தபின் அவன் தழும்பைக் காட்டினால், தழும்பு எங்கே எப்போது உண்டாயிற்று என்பதற்கு அத்தாட்சி கேட்கப்படுகின்றது.

இத்துன்பத்தைப் பன்மடங்காக்கிய நிகழ்ச்சி ஒன்று 1973 ஆம் ஆண்டு யூலை 12 ஆம் நாள் நேர்ந்தது. மிசூரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்கு அண்மையில், படையினரின் பழைய கோவைகளைக் காக்கும் தேசிய நிலையம் இருந்தது. நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர் அதன் ஆறாம் மாடியிலே தீ மூண்டது. கடதாசி நிறைந்த அம்மாடியில் தானாக நீர் தெளித்துத் தீயை அணைக்கும் அமைப்பு இருக்கவில்லை. தீயணைப்புப் படையினர் நாட்கணக்கிற் போராடினர். 1 கோடி 60 இலட்சம் முதல் 1 கோடி 80 இலட்சம் வரையான கோவைகள் அழிந்தன. 1912 நவம்பர் முதல் 1960 சனவரி வரை தரைப்படையிலிருந்து விலகியோரின் கோவைகளில் நூற்றுக்கு எண்பது பங்கு சாம்பலாயிற்று. விமானப் படையினரின் கோவைகளும் பெருந்தொகையாக எரிந்தன. அவற்றுக்குப் பிரதிகள் எடுக்கப்பட்டிருக்கவில்லை. இன்ன இன்னாருடைய கோவை எரிந்தது என்று அறிவதற்குப் பெயர் அட்டவணைதானும் இருக்கவில்லை.

இரண்டு உலகப் போர்களையும் கொரியப் போரையும் கண்ட ஒரு தலைமுறையின் சரித்திரம் அவ்வாறு மறைந்தது. அதன்பின் பதக்கம் வேண்டி எழுதிய முதியவர்கள் பலருக்கு, "உமது கோவை தீயிலே அழிந்திருக்கக்கூடும்" என்ற கருத்திலேயே விடை கிடைத்தது.

பிழையான ஏட்டைத் திருத்துவதற்கு அந்நாட்டிற் சட்ட வழி இல்லாமல் இல்லை. முற்காலத்தில் ஒரு வீரரின் ஏட்டைத் திருத்த வேண்டுமாயின், அவருக்கென அமெரிக்கக் காங்கிரசிலே தனிச் சட்டம் நிறைவேற்றப்படுதல் வேண்டும். அத்தகைய மனுக்கள் மலையெனக் குவிந்தமையால், 1946 ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்று அப்பொறுப்பைப் படைத்துறைகளிடம் ஒப்படைத்தது. அதன்படி அமைந்த ஏடு திருத்தும் சபைகளில் படையினர் அல்லாத சிவில் அதிகாரிகளே உறுப்பினராக அமர்கின்றனர். படையின் பிழையைப் படையே விசாரித்தல் ஆகாது என்பது இவ்வேற்பாட்டின் உட்பொருள்.

பிழையைக் கண்டறிந்து மூன்று ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும் என்பது விதி. எனினும் நீதியின்பொருட்டு இக்காலவரையறையைத் தளர்த்தச் சபைக்கு அதிகாரம் உண்டு. மற்றொரு விதியே கடினமானது. ஏட்டிலே உள்ளது சரியென்றே சபை முதலிற் கொள்ளும். பிழை என்பதை நாட்ட வேண்டிய சுமை விண்ணப்பித்தவரின் தோள்மீதே விழுகின்றது.

இவ்விதியை ஒரேயடியாகக் குறை கூறுதலும் தகாது. கேட்டவர்க்கெல்லாம் சான்றின்றிப் பதக்கம் வழங்கப்பட்டால், உயிரைப் பணயம் வைத்துப் பெற்றவரின் பதக்கமும் மதிப்பிழந்துவிடும். ஆகவே சபை சான்று கேட்கின்றது. எரிந்த கோவைக்கு ஈடாகக் காலை அறிக்கைகள், சம்பளப் பத்திரங்கள், களத்திலிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், தோழர்களின் சத்தியக் கடதாசிகள் ஆகியன ஆராயப்படுகின்றன. போர்க்கால வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்பட்டோர் பற்றிய விவரங்கள் அடங்கிய கணினி நாடாக்கள் 1988 ஆம் ஆண்டிலே கிடைத்தபோது, பலருக்கு வழி பிறந்தது. அந்நாடாக்களில் வீரரின் பெயர் இல்லை. படை எண் மட்டுமே உண்டு. தம் படை எண்ணை மறவாதிருந்த முதியவருக்கு, அந்த எண்ணே இழந்த காயத்தை மீட்டுக் கொடுக்கும் திறவுகோலாயிற்று.

சான்று தேடும் முயற்சி எத்துணை நெடியது என்பதைக் கார்லின் மேர்ல் கொனர் என்பாரின் வரலாறு காட்டும். அவர் கென்டக்கி மாநிலத்துக் கமக்காரர். 1945 சனவரி 24 ஆம் நாள், பிரான்சு நாட்டின் ஊசென் என்னும் ஊருக்கருகில், ஜேர்மன் டாங்கிகளும் அறுநூறு அளவிலான காலாட்படையினரும் அவரது படைப்பிரிவை நோக்கி முன்னேறினர். கொனர் அப்போது காயமாறுமுன்னரே வைத்தியசாலையை விட்டு நழுவி வந்திருந்தவர். அவர் தொலைபேசிக் கம்பிச் சுருளை ஏந்திக்கொண்டு ஏறத்தாழ நானூறு யார் தூரம் ஓடித் தம் படைக்கு முன்னால் சென்றார். ஆழமற்ற ஒரு பள்ளத்திலே படுத்துக்கொண்டு, குண்டுகள் எங்கே விழவேண்டும் என்று தம் பீரங்கிப் படைக்கு மூன்று மணி நேரம் அறிவித்துக்கொண்டிருந்தார். பகைவர் மிக நெருங்கியபோது, தாம் கிடந்த இடத்தின் மீதே குண்டு வீசுமாறு சொன்னார். தாக்குதல் முறியடிக்கப்பட்டது.

இச்செயலுக்காக அவருக்குச் 'சிறப்புச் சேவைச் சிலுவை' வழங்கப்பட்டது. அதனினும் மேலான, அந்நாட்டின் முதன்மை விருதாகிய 'மெடல் ஒவ் ஓனர்' கிடைக்கவில்லை. கொனர் ஊர் திரும்பிப் புகையிலை பயிரிட்டார். போரைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. 1996 ஆம் ஆண்டில், போரில் மாண்ட தம் உறவினரைப் பற்றி அறியவந்த முன்னாள் வீரர் ஒருவர் கொனரின் பத்திரங்களைக் கண்டு வியந்து, அவருக்கு மேலான பதக்கம் கிடைக்க முயலத் தொடங்கினார். அப்போது நோயுற்றிருந்த கொனர் தம் வாயால் எதையும் விளக்கமாட்டாத நிலையில் இருந்தார். சபை விண்ணப்பத்தை 1997 இல் மறுத்தது. 1998 இல் கொனர் காலமானார். 2000 ஆம் ஆண்டிலும் சபையின் முடிவு மாறவில்லை.

அவருடைய மனைவி போலின் அதனோடு நின்றுவிடவில்லை. நேரிற் கண்ட மூன்று வீரர்களின் வாக்குமூலங்கள் பின்னர்த் தேடிக் கண்டெடுக்கப்பட்டன. 2014 ஆம் ஆண்டில் நீதிமன்றம், காலம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் வழக்கைத் தள்ளிற்று. கொனரின் சேவைக்கு அத்தீர்ப்பினால் இழுக்கில்லை என்று நீதிபதி குறிப்பிட்டபோதும், சட்டம் இடந்தரவில்லை. மேன்முறையீட்டின் பின்னர் விடயம் மீண்டும் சபையின் முன் சென்றது. 2015 இல் சபை அம்மூன்று சாட்சியங்களையும் ஏற்றது. 2018 யூன் 26 ஆம் நாள், முதிய வயதினரான போலின் கணவரின் பதக்கத்தை வெள்ளை மாளிகையிற் பெற்றுக்கொண்டார். முயற்சி தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

கொனரின் ஏட்டிலே இருந்தது குறைபாடு. எட்வேர்ட் காட்டர் என்னும் கறுப்பின வீரரின் ஏட்டிலே இருந்தது மாசு. மதபோதகரின் மகனாகிய அவர் இளமையைக் கல்கத்தாவிலும் சாங்காயிலும் கழித்தவர். ஸ்பெயின் நாட்டு உள்நாட்டுப் போரிற் குடியரசின் பக்கம் நின்று போராடியவர். 1945 மார்ச் 23 ஆம் நாள், ஜேர்மனியின் ஸ்பேயர் நகருக்கருகில், ஐந்து இடங்களிற் காயமுற்ற பின்னரும் தம்மைப் பிடிக்க வந்த எட்டுப் பேரில் அறுவரைச் சுட்டு வீழ்த்தி, இருவரைச் சிறைப்பிடித்து மீண்டார். ஆயினும் 1949 இல் அவர் மீண்டும் படையிற் சேர முற்பட்டபோது அனுமதி மறுக்கப்பட்டது. அவர் கம்யூனிஸ்டுகளோடு தொடர்புடையவர் என்ற ஆதாரமற்ற ஐயம் அவரது கோவையிலே எழுதப்பட்டிருந்தது. காரணம் இன்னதென அறியாமலே அவர் 1963 ஆம் ஆண்டில் இறந்தார்.

இரண்டாம் உலகப் போரில் கறுப்பின வீரர் ஒருவருக்கேனும் அம்முதன்மைப் பதக்கம் வழங்கப்படாதிருந்தமை பிற்காலத்தில் ஆராயப்பட்டது. 1997 சனவரியில் எழுவருக்கு அது வழங்கப்பட்டது. காட்டர் அவர்களுள் ஒருவர். எழுவருள் அந்நாளைக் காண உயிரோடிருந்தவர் வேர்ணன் பேக்கர் ஒருவரே. பதக்கம் வந்த பின்னரும் காட்டரின் குடும்பத்தினர் ஓயவில்லை. இரகசியக் கோவைகளைக் கேட்டுப் பெற்றனர். பழி நீங்க வேண்டும் என வாதாடினர். 1999 இல் படைத்துறை ஏட்டைத் திருத்தி, குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டு, விடுபட்டிருந்த நன்னடத்தைப் பதக்கத்தையும் அளித்தது. முதன்மைப் பதக்கத்தைப் பெற்ற வீட்டார், அதனினும் மிகச் சிறியதாகிய நன்னடத்தைப் பதக்கத்துக்கு அத்துணை மதிப்பளித்தமைக்குக் காரணம் உண்டு. முன்னையது அவர் வீரர் என்று சொல்லிற்று; பின்னையது அவர் நேர்மையானவர் என்று சொல்லிற்று.

எழுபது எண்பது வயதிலே ஒருவர் பழைய பதக்கமொன்றைக் கேட்டு எழுதும்போது, அது முதுமையின் ஆசை என்று எண்ணத் தோன்றலாம். பதக்கத்தின் உலோகம் சில சதம் பெறும். அவர் கேட்பது உலோகத்தையன்று. தாம் இன்ன நாளில் இன்ன இடத்தில் நின்றது உண்மை என்று, தம்மை அங்கே அனுப்பிய அரசாங்கம் தன் கையால் எழுதித் தரவேண்டும் என்பதே அவரது வேண்டுகோள். அரசாங்கம் காத்திருக்க வல்லது; முதியவர் காத்திருக்க இயலாதவர். பதில் ஓராண்டு தாமதித்தால் சாட்சி ஒருவர் குறைந்துவிடுகின்றார்.

ஆகவே சபைகள் சான்று கேட்கும்போது, அச்சான்று எவருடைய பாதுகாப்பிலிருந்து அழிந்தது என்பதையும் எண்ணிப் பார்த்தல் முறையாகும். செயின்ட் லூயிசிலே எரிந்த கோவைகள் வீரரின் வீட்டிலே இருந்தவை அல்ல. நேயர்களும் ஒன்றை மனங்கொள்ளலாம். கொனரின் பதக்கத்தை ஈற்றில் மீட்டுத் தந்தவை பெரிய சட்ட நுணுக்கங்கள் அல்ல. தாம் கண்டதைக் கண்டபடி எழுதிக் கையொப்பமிட்ட மூன்று மனிதரின் சில தாள்களே. பிறர் செய்த நற்செயலைக் கண்டவர்கள், நினைவு மங்குமுன் அதனை நாளும் இடமும் பெயரும் குறித்து எழுதி வைப்பாராயின், அத்தாள் எந்நாளில் யாருக்கு உதவுமோ, முன்கூட்டிச் சொல்ல இயலாது.