மனம் போல வாழ்வும் மலைமேல் வாழ்வும்

1909இல் ‘மனம் போல வாழ்வு’ என்ற சிறு நூல் தமிழில் வந்தது. ஜேம்ஸ் ஆலன் 1903இல் ஆங்கிலத்தில் எழுதியதன் மொழிபெயர்ப்பு அது. மொழிபெயர்த்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை, அப்போது கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கிழுத்த கைதி. இன்று ஊருக்கு ஊர் பேருந்து நிலையக் கடைகளில் அடுக்கியிருக்கும் தன்முன்னேற்ற நூல்களுக்கெல்லாம் அது மூத்தது. தொழில்முனைவையும் மனவுறுதியையும் இத்தகைய நூல்களிலிருந்து கற்க முடியுமா என்று கள்ளக்குறிச்சியில் கேட்பவர்கள் அந்தக் கைதியிடமிருந்து தொடங்குவதே முறை.

அவரைத் தியாகியாக அறிந்த அளவுக்குத் தொழில்முனைவராக நாம் அறியவில்லை. 1906 அக்டோபரில் பதிவான சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்ச ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். தொடக்கத்தில் சொந்தக் கப்பல் கிடையாது, வாடகைக் கப்பல்தான். வாடகைக்குக் கொடுத்த பம்பாய்க் கம்பெனி தன் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும், கொழும்பிலிருந்து வேறொன்றை வாடகைக்குப் பிடித்தார். பங்கு விற்க வடநாடு சென்றார். 1907இல் சொந்தக் கப்பல்களாக ‘காலியா’வும் ‘லாவோ’வும் தூத்துக்குடிக்கு வந்தன. போட்டிக் கப்பல் நிறுவனமான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை வெட்டியது. பயணிகளை இலவசமாகவே ஏற்றிக்கொள்ளவும் முன்வந்தது. 1908 மார்ச் 12இல் சிதம்பரனார் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. மேல்முறையீட்டில்தான் அது குறைந்தது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டு, கப்பல்கள் போட்டியாளர் கைக்கே போய்ச் சேர்ந்தன.

உள்ளத்தின் எண்ணமே வெளிவாழ்வை உருவாக்குகிறது என்பது ஆலனின் கட்சி. அந்த அளவுகோலை அப்படியே வைத்தால், கப்பல் கம்பெனி விழுந்ததற்கும் அதை நிறுவியவரின் எண்ணமே காரணம் என்றாகிவிடும். அது உண்மையும் அல்ல, நியாயமும் அல்ல. கம்பெனியை வீழ்த்தியவை கட்டணப் போரும், போட்டியாளர் பக்கம் நின்ற அரசும், சிறைத் தண்டனையும். ஆனால் விழுந்தபின் அந்த மனிதர் நொறுங்காமல் இருந்ததற்கு ஆலன் துணைநின்றிருக்கிறார். 1912 டிசம்பரில் விடுதலையானபோது வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் சிறு வியாபாரம் செய்து குடும்பத்தைக் காத்தார். அந்த வறுமைக்குள்ளேயே 1914இல் ‘அகமே புறம்’, 1916இல் ‘வலிமைக்கு மார்க்கம்’ என ஆலனைத் தொடர்ந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். முன்னேற்ற நூலின் எல்லை இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. விழுந்தவரை எழுப்பும் வலு அதற்கு உண்டு. ஏன் விழுந்தார் என்று சொல்லும் வலு பெரும்பாலும் இல்லை.

இந்த வேறுபாடு கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில் வெறும் வாதமல்ல. மூன்று ஜாகிர்தார்களின் பிடியிலிருந்த மலையை அரசு ஏற்றது 1976இல். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து! 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதன்பின் மலைமக்களின் நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அந்த விசாரணையில் பேசப்பட்டவை சாலையும் அடிப்படை வசதியும். அந்த மலையில் பிறந்த இளைஞனிடம் ‘உன் நிலைக்கு உன் எண்ணமே பொறுப்பு’ என்று ஒரு நூல் சொன்னால், அந்த வரியை அவன் ஏற்க வேண்டியதில்லை. அதே நூல் ‘நாளைக்கும் எழுந்து வேலையைத் தொடங்கு’ என்றால் அதை இறுகப் பற்றிக்கொள்ளலாம்.

இவ்வகை நூல்களின் பிறப்பிலேயே பலரும் மறந்த செய்தி ஒன்று இருக்கிறது. சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட ‘செல்ஃப் ஹெல்ப்’ தனியறையில் ஒருவர் கண்ட தத்துவமன்று. லீட்ஸ் நகரத் தொழிலாளர் சிலர் மாலையில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆள் பெருகியதும் காலரா மருத்துவமனையாக இருந்த ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார்கள். அவர்களிடம் ஸ்மைல்ஸ் ஆற்றிய உரைகளே நூலின் வித்து. கூடிப் படித்தவர்களிடமிருந்து வந்த நூலை இன்று தனித்தனியே படித்து, தோற்றால் தனித்தனியே நொந்துகொள்கிறோம்.

கூடிச் செய்யும் பழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுத் திட்டம் அடுத்து விரிந்த மாவட்டங்களில் தென்னார்க்காடும் ஒன்று. அன்று கள்ளக்குறிச்சி அதில்தான் இருந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் ஒரு கூட்டுரிமையே. சிற்றுளி பிடித்த தனி ஒருவருக்குக் கிடைத்த விருதல்ல அது. காட்டில் பொறுக்கும் கடுக்காய், தேன் போன்றவற்றைச் சொந்தமாக விற்கும் உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலைமக்களுக்குத் தருகிறது. அந்தச் சட்டத்தைப் படிப்பதும் தன்முன்னேற்றப் படிப்புதான்.

மலைமேல் வெள்ளிமலையிலும் கீழே சங்கராபுரத்திலும் மாதம் ஒருமுறை கூடும் படிப்பு வட்டம் ஒன்று வேண்டும். ‘மனம் போல வாழ்வு’ ஒரு மணி நேரம், வரவு செலவு ஒரு மணி நேரம். மரவள்ளிக் கிழங்குக்கு ஜவ்வரிசி ஆலைகள் மாவுச்சத்தை அளந்து ‘பாயிண்ட்’ கணக்கில் விலை போடுகின்றன; அந்த அளவு எப்படி எடுக்கப்படுகிறது, ஒரு பாயிண்ட் குறைந்தால் எவ்வளவு போகிறது என்பதை விளைவிப்பவரின் பிள்ளைகள் அங்கே போட்டுப் பார்க்கட்டும். முதல் கூட்டத்தை அறுவடைக் காலத்தில் வைத்தால் நல்லது. விலைச் சீட்டு அப்போது எல்லார் வீட்டிலும் இருக்கும்.