எத்தனை பேர் படித்தனர்?



நூலொன்றின் பெருமையை அதனைப் படித்தோர் தொகையால் அளப்பது உலக வழக்கு. விஞ்ஞான ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கும் இவ்வழக்கு வந்துவிட்டது. எத்தனை பேர் படித்தனர், எத்தனை பேர் மேற்கோள் காட்டினர், இணையத்தில் எத்தனை பேர் பேசினர் என்று கணினி கணக்கெடுக்கின்றது. அக்கணக்கை நோக்கி ஆராய்ச்சியாளருக்குப் பதவியும் பணமும் வழங்கப்படுதலும் உண்டு. ஆதலின், அது எதனை அளக்கின்றது, எதனை அளவாது விடுகின்றது என்பதை ஆராய்தல் தகும். தாவரப் பிறப்புரிமையியலுக்கு அடிகோலிய கட்டுரையே இதற்கு ஏற்ற உரைகல்லாகும்.

கிறெகர் மெண்டல் என்பார் ஒஸ்திரியப் பேரரசின் புருன் நகரில் மடமொன்றில் வாழ்ந்த துறவி. அந்நகர் இன்று செக் நாட்டில் பர்னோ என வழங்குகின்றது. 1856 முதல் 1863 வரை அவர் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளைக் கலந்து வளர்த்து ஆராய்ந்தார். உருண்டை விதை தரும் செடியையும் திரங்கிய விதை தரும் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் உருண்டை விதைகளே தோன்றின. அடுத்த தலைமுறையிலோ உருண்டை விதைகள் 5,474, திரங்கியவை 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. மறைந்த இயல்பு அழியவில்லை. பெற்றோர் வழி வரும் கூறுகள் ஒன்றோடொன்று கரைந்துபோகாது மீண்டும் பிரிகின்றன என அவர் துணிந்தார்.

1865 பெப்ரவரியிலும் மார்ச்சிலும் நகரத்து இயற்கை விஞ்ஞானச் சங்கத்தில் இதனை வாசித்தார். 1866இல் சங்கத்தின் சஞ்சிகையில் அது அச்சேறி, நூற்றுக்கு மேற்பட்ட நிலையங்களுக்குச் சென்றது. மெண்டலும் 40 தனிப்பிரதிகள் பெற்றார். மியூனிக் நகரத் தாவரவியல் அறிஞர் நேகெலிக்கு ஒரு பிரதி அனுப்பி, ஆண்டுக்கணக்கில் அவரோடு கடிதத் தொடர்பும் கொண்டிருந்தார். எனினும், 1884இல் நேகெலி வெளியிட்ட பரிணாமம் பற்றிய பெருநூலில் மெண்டலின் பெயரே இல்லை. அவ்வாண்டு ஜனவரியில் மெண்டல் காலமானார். டி விரிஸ், கொரென்ஸ், செர்மாக் ஆகியோரின் எழுத்துக்கள் வெளிவந்த 1900ஆம் ஆண்டிலேதான் உலகம் அவரை அறிந்தது.

இனி, பிற்காலத்து அளவுகோல்களை நோக்குவோம். அமெரிக்கரான யூஜின் கார்பீல்ட் 1955இல் முன்மொழிந்து 1964இல் வெளியிட்ட விஞ்ஞான மேற்கோள் அட்டவணை, ஒரு கட்டுரையைப் பின்வந்த கட்டுரைகள் எத்தனை சுட்டின என்பதைக் காட்டியது. மேற்கோள் சேர ஆண்டுகள் பல செல்லும். ஆகவே, இணையம் பரவிய பின் விரைவான அளவுகள் எழுந்தன. கட்டுரைகளைச் சேர்த்துவைக்க உதவும் மெண்டலி என்னும் சேவை, ஒரு கட்டுரையைத் தம் தொகுப்பிற் சேர்த்தோரை வாசகர் எனக் கணக்கிடுகின்றது. அச்சேவைக்கு மெண்டலின் பெயரையும் தழுவிப் பெயரிட்டது விந்தையே. 2011இல் இலண்டனில் தொடங்கிய ஆல்ட்மெட்ரிக், செய்தித்தாள், வலைப்பதிவு, சமூக ஊடகம் முதலியவற்றின் குறிப்புக்களைத் திரட்டி, வெவ்வேறு நிறை கொடுத்து, ஒரே புள்ளியாகத் தருகின்றது.

இவை பொய்க்கணக்குகள் அல்ல. ஆயினும், சேர்த்துவைத்தோர் அனைவரும் படித்தோர் அல்லர். படித்தோர் அனைவரும் விளங்கிக்கொண்டோரும் அல்லர். நேகெலியும் கணக்கில் ஒரு வாசகரே. மேலும், கவனப் புள்ளி புகழ்ச்சியையும் கண்டனத்தையும் பிரித்தறியாது. 2012 செப்டெம்பரில், பரம்பரையலகு மாற்றிய சோளத்தை எலிகளுக்கு ஊட்டிய பிரெஞ்சு ஆய்வொன்று வெளிவந்து, கட்டி தோன்றிய எலிகளின் படங்களோடு உலகெங்கும் பேசப்பட்டது. எலிகளின் தொகை குறைவு, அவ்வினம் இயல்பாகவே கட்டிகளுக்கு ஆளாவது என்று விஞ்ஞானிகள் பலர் மறுத்தனர். 2013 நவம்பரில் சஞ்சிகை அக்கட்டுரையை விலக்கிக்கொண்டது. 2014இல் வேறொரு சஞ்சிகை மறுபடி வெளியிட்டது. ஆரவாரம் பெரிது, அதனைக் கொண்டு ஆய்வின் உறுதியை அறிய இயலுமா?

அங்ஙனமாயின் மேற்கோளாற் பயனில்லையா? உண்டு. 1881இல் பொக்கே என்பார் கலப்புத் தாவரங்கள் பற்றி எழுதிய நூலில் மெண்டலைக் குறிப்பிட்டிருந்தார். செர்மாக் மெண்டலின் கட்டுரையை நாடிச் சென்றது அக்குறிப்பின் வழியாகவே. எண்ணினால் அது ஒரே ஒரு மேற்கோள். ஆயினும், அடைபட்ட கதவைத் திறந்தது அதுவே. மேற்கோள் வழி காட்டும், தீர்ப்பு வழங்காது.

இவ்வுண்மை உணரப்படாமலும் இல்லை. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருப்பெற்ற பிரகடனமொன்று, ஆராய்ச்சியாளரைச் சஞ்சிகையின் புள்ளியால் மதிப்பிடாது, ஆராய்ச்சியின் பொருளால் மதிப்பிடுக என வேண்டியது. பயிரின் இயல்பை அறியப் பல பருவங்கள் காத்திருக்கும் இளம் ஆராய்ச்சியாளருக்கு இது சிறு செய்தியன்று. அவர் பணி தொடர்வதும் நின்றுபோவதும் அம்மதிப்பீட்டிலே தங்கியிருக்கக்கூடும்.

மெண்டலும் எண்ணியே உண்மை கண்டவர். ஆனால், தாம் எண்ணுவது எதனை என்பதை அவர் தெளிவாக அறிந்திருந்தார். வாசகரை எண்ணுவோரும் அத்தெளிவோடு எண்ணி, பின்னர்க் கட்டுரையைத் தாமே திறந்து படிப்பாராயின், இன்னொரு மெண்டல் முப்பத்துநான்கு ஆண்டுகள் காத்திருக்க நேராது.