வினிகர் இருக்கு, வர ஆள் இல்லையே!

புற்றுநோயை வெல்ல முதலில் ஆராய வேண்டியது மருந்தையா, மனிதர்களையா என்ற கேள்விக்கு, மருந்தைத்தான் என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

இப்ப பேசிட்டுப் போன நண்பர் என்ன சொன்னார்? “நல்ல சோதனையைக் கண்டுபிடிங்க, ஜனங்க தானா வருவாங்க”ன்னார். ஐயா, வரலையே! (சிரிப்பு)

திண்டுக்கல் மாவட்டத்துக்கு வாங்க. 2000-ஆம் ஆண்டு அங்கே கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ஒரு பெரிய ஆய்வு தொடங்கினாங்க. வினிகர்ல இருக்கே அசிட்டிக் அமிலம், அதைத் தண்ணீர் கலந்து தடவி ஒரு நிமிஷம் பொறுத்தா, மாறுதல் கண்ட இடம் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற நர்ஸ் போதும். அவ்வளவுதான் சோதனை! பலன் இல்லையா? இருந்தது. அந்த நோயால் நேர்ந்த சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள்.

ஆனா அதே கட்டுரையில இன்னொரு கணக்கும் இருக்கு. 30 முதல் 59 வயது வரை, சோதனைக்குத் தகுதியான பெண்கள் 49,311 பேர். செய்துகொண்டவர்கள் 31,343. மீதி கிட்டத்தட்ட 18,000 பேர் எங்கே? அவங்க ஏன் வரலைங்கிறதை எந்த மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்ப்பீங்க? (பலத்த கைதட்டல்)

உட்கார்ந்து கேட்கணும் ஐயா. களையெடுப்பு நாள்ல முகாம் போட்டா, ஒரு நாள் கூலியை யார் கொடுப்பா? வீட்டுக்காரர்கிட்ட என்னன்னு சொல்லிட்டு வருவா? இதைக் கேட்டு எழுதறதும் புற்றுநோய் ஆராய்ச்சிதான். அதுக்குக் காசு கேட்டா மட்டும் “இது என்ன விஞ்ஞானமா?”ங்கறாங்க.

என் அத்தைக்கு மாதவிலக்கு நின்ன பிறகு ரத்தம் பட்டது. எட்டு மாசம் யார்கிட்டயும் சொல்லலை. ஆஸ்பத்திரியில, “இவ்வளவு அறியாமையா?”ன்னு திட்டினாங்க. அத்தை தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. வெளியே வந்து என்கிட்ட மட்டும் சொன்னாங்க: “எனக்குத் தெரியும்டி. அந்த வீட்ல புத்துநோயாம்னு ஊர்ல பேச்சு வந்தா, என் பொண்ணை யாருடி கட்டுவா?”

அறியாமையா ஐயா அது? தெரிஞ்சே எட்டு மாசம் சுமந்தாங்க. அவங்ககிட்ட ஆயிரம் நோட்டீஸ் கொடுத்தாலும் என்ன பிரயோஜனம்? ‘புற்றுநோய் ஒட்டாது’ன்னு பொண்ணு பார்க்க வர்றவங்களுக்கில்ல சொல்லியிருக்கணும்! கேட்டிருந்தாத்தானே தெரியும்?

மணி அடிச்சுட்டீங்க, முடிச்சுடறேன். பொண்ணு கல்யாணம் நல்லா நடந்தது. அத்தை மணவறையில நின்னு அட்சதை போட்டாங்க. முதல் பிரசவத்துக்குப் பக்கத்துல இருக்க அவங்க இல்லை.