காற்றடைத்த வெந்நீர்த் தொட்டி

பதுளை மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலுள்ள பண்டாரவளை போன்ற குளிரூர்களில், திருகோணமலைக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் சுகத்தை வீட்டிலேயே தரும் என்று வாங்க எண்ணப்படும் காற்றடைத்த வெந்நீர்த் தொட்டி என்பது, தடித்த பிளாஸ்டிக் சுவருக்குள் காற்றையும் நடுவே நீரையும் தாங்கி, அந்நீரை நீர்ப்பம்பியால் சுழற்றிச் சூடாக்கும் அமைப்பாகும். 800 லீற்றர் நீரை 20 பாகை செல்சியசிலிருந்து 40க்கு உயர்த்த, வெப்பம் சிறிதும் வீணாகாதெனக் கொண்டாலும், ஏறத்தாழ 19 யூனிட் மின்சாரம் செலவாகும். 2 கிலோவாட் சூடாக்கியாயின் ஒன்பது மணித்தியாலத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும், மலைக்காற்று வீசும் இரவில் மூடியில்லாவிடின் இன்னும் நீளும். நீரின் எடை மட்டுமே 800 கிலோகிராம் என்பதால் பலகைத்தளம் அதற்கு இடமன்று. தோட்டத்து லயத்தில், பீலித் தண்ணீரைச் சுமந்து விறகடுப்பில் காய்ச்சுவோர்க்கு, 10 லீற்றர்க் குடமாயின், இத்தொட்டி எண்பது நடை.